சாத்தி வைத்த துப்பாக்கி

என் மச்சினன் எனக்குத் தர வேண்டிய பணம் பதினோராயிரத்து நானூற்று முப்பது. பத்தாயிரம் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க. ஆயிரத்து நானூறு அதற்கு டயர் போட. முப்பது, வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த அன்றே பெட்ரோல் தீர்ந்து என் வாசலில் நின்றதற்கு. அந்த முப்பதையும் நான் மறக்கவில்லை. முப்பதுக்கு எத்தனை மூட்டை தூக்க வேண்டும் என்பது என் முதுகுக்குத் தெரியும்.

அவனை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியின் தம்பி. சட்டைப் பொத்தானைத் தெருவில் நடந்துகொண்டே போடுகிறவன். கடன் வாங்கும்போதும் அப்படித்தான் வாங்கினான், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திருப்பித் தருவதில் மட்டும் அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. "அடுத்த வாரம் மச்சான்" என்பான். ஒன்றரை வருடமாக அந்த வாரம் வரவில்லை.

நான் உரக் கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். ஐம்பது கிலோ மூட்டை. லாரியிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து லாரிக்கு. இருபத்தோரு வருடம் ஆயிற்று. போன வருடம் அடிவயிற்றில் வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். குடல் இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு எட்டாயிரம் ஆகும், சீக்கிரம் செய்துகொள், ஒரு நாள் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார். கிடங்கு மேஸ்திரி அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

"வயித்தைப் பிடிச்சிக்கிட்டே எத்தனை மூட்டைதான் தூக்குவ? சரி பண்ணிக்கிட்டு வா. மழைக்கு முன்னாடி வரலைன்னா உன் எடத்துக்கு வேற ஆள் வச்சிடுவேன். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

என் மனைவி நாற்றுப் பண்ணையில் பைகளுக்கு மண் நிரப்புகிறவள். அவள்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தாள். பண்ணையில் முயல் தொல்லை. பழக்கன்றுகளின் பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். கன்று ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். பண்ணைக்காரரிடம் முயல் சுட அனுமதிச் சீட்டும் ஒரு நாட்டுத் துப்பாக்கியும் இருந்தன. சுட ஆள் இல்லை. ஒரு முயல் வாலைக் கொண்டுவந்து ஆபீசில் வைத்தால் நூற்றைம்பது தருவதாகச் சொன்னார்.

"உன் கையிலதான் ஒரு காசு நிக்காது. கண்ணாவது ஒரு எடத்துல நிக்குதில்ல? போய்ச் சுடு. வர்ற காசு முழுக்க மச்சானுக்கு" என்று தம்பியிடம் சொன்னாள்.

"சுடுவேன்க்கா. மருந்து கெட்டிக்கத் தெரியாதே."

"அதுக்கு இவரு இருக்காரு."

எனக்குத் தெரியும். கிடங்குக்கு வருமுன் ஆறு வருடம் கல் குவாரியில் இருந்தேன். பாறையில் துளை போட்டு, அதில் வெடிமருந்து போட்டு, மரக்கோலால் கெட்டிக்கும் வேலை. அங்கே ஒரு ஆளின் மூன்று விரல்கள் போனதைப் பார்த்தவன். அதனால் மருந்தைத் தொடும்போது நான் பேசுவதில்லை. என் கை நடுங்கும், தொலைவில் இருப்பது மங்கும், சுட எனக்கு வராது. அவனுக்குக் கழுகுக் கண். ஆனால் பொறுமை கிடையாது. ஆக, அவன் சுடுவான், நான் கெட்டிப்பேன். என் பணத்தை நான் வாங்க, நானே மருந்து கெட்டிக்க வேண்டியிருந்தது. இதை நினைத்து ஒரு நாள் சிரித்தேன். வீக்கம் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அந்தத் துப்பாக்கியைக் கெட்டிப்பது இப்படி. பின்பக்கம் திறக்காது. எல்லாமே குழலின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். முதலில் மருந்து, ஒரு பித்தளைக் கிண்ணம் அளவு. அதன் மேல் கனமான அட்டை வில்லை ஒன்று. இரும்புக் குழாய்த் துண்டின் வாயைக் கூராகத் தீட்டி, பெட்டி அட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் குழலுக்குச் சரியான வில்லை வரும். அதைக் கோலால் தள்ளி மருந்தின் மேல் அழுத்தமாக உட்கார வைக்க வேண்டும். நடுவில் காற்று நின்றால் குழல் வெடிக்கும். பிறகு ஈய ரவை, அதே கிண்ணத்தில் அதே அளவு. கூடுதலாகப் போட்டால் முயல் கூடுதலாகச் செத்துவிடாது, தோள்தான் பெயரும். ரவைக்கு மேலே மெல்லிய வில்லை. குழலைக் கீழே சாய்த்தாலும் ரவை உருண்டு விழாமல் இருக்க. அது கனமாக இருக்கக் கூடாது. இருந்தால் ரவை நடுவில் ஓட்டை விட்டுச் சிதறும், முயல் அந்த ஓட்டை வழியாகத் தப்பித்துவிடும். மெல்லிய வில்லைக்கு நான் எழுத்துப் படித்த நோட்டுகளின் அட்டையை எடுத்துக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில் உட்கார்ந்து எழுதிய நோட்டுகள். உள்ளே இருந்த தாள்களை வைத்துக்கொண்டேன்.

கேப்பு மாட்டுவது கடைசியில். குதிரை என்கிற சின்னச் சுத்தி அந்தக் கேப்பை அடித்தால்தான் பொறி பறந்து மருந்து பற்றும். முயலைப் பார்த்த பிறகு. அது அவன் வேலை.

கோலில் இரண்டு கோடு கீறியிருந்தேன். குழல் காலியாக இருந்தால் கோல் முதல் கோடு வரை உள்ளே போகும். ஒரு தடவை கெட்டித்திருந்தால் இரண்டாவது கோட்டில் நிற்கும். துப்பாக்கியோடு கோலைச் செருகும் வளையங்கள் எப்போதோ உடைந்துபோனதால் கோல் என் கையில்தான் இருக்கும்.

இன்னொரு விதியும் வைத்திருந்தோம். கெட்டித்த துப்பாக்கியை நான் எங்கும் வைக்க மாட்டேன். என் கையிலிருந்து அவன் கைக்கு. சாத்தி வைத்திருந்தால் காலி. கையில் இருந்தால் நிறைந்தது. படிப்பில்லாத இரண்டு பேருக்கு இதைவிட நல்ல விதி கிடைக்காது என்று அவன்தான் சொன்னான். எனக்கு எழுத்து வரும் என்று நான் நினைவுபடுத்தினேன்.

"அ போட்ட துப்பாக்கி, ஆ போட்ட துப்பாக்கின்னா வச்சிருக்கீங்க?" என்றான்.

நாலு மாதம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் மட்டும். இருபத்திரண்டு வால். மூவாயிரத்து முந்நூறு கழிந்தது. பாக்கி எட்டாயிரத்து நூற்று முப்பது. இந்த வேகத்தில் போனால் எல்லாம் தீர இன்னும் பத்து மாதம் ஆகும். மழைக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. வீக்கம் எலுமிச்சையிலிருந்து கொய்யா ஆகியிருந்தது.

"வண்டியை வித்துக் குடுடா" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"வண்டி இல்லாம வேலைக்கு எப்படிப் போறது மச்சான்? பார்சல் வேலை. கால்ல நடந்தா குடுப்பேன்?"

அவன் சொல்வதும் சரிதான். சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் கிடங்கில் இரண்டு லாரி சேர்ந்து வந்தது. மேஸ்திரிக்கு ஆள் இல்லை. முந்நூற்று நாற்பது மூட்டை. வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேனா இல்லையா என்பதே நினைவில்லை. விடியலில் அவன் வாசலில் ஹாரன் அடித்தபோது எந்தக் காலில் செருப்பு மாட்டுகிறேன் என்று தெரியாமல் மாட்டினேன்.

பண்ணையில் பெரிய இரும்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதன் மறைவில்தான் நாங்கள் இருப்போம். அவன் முன்னால் போய் வேலி ஓரமாகப் பார்த்துவிட்டு வருவான். அதற்குள் நான் கெட்டித்துவிடுவேன். அன்றும் கெட்டித்தேன். மருந்து, கனத்த வில்லை, ரவை, மெல்லிய வில்லை. கோலை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கோட்டில் நின்றது.

எழுந்தேன். வயிற்றுக்குள்ளே ஏதோ அவிழ்ந்தது போல வீக்கம் முழுதாக வெளியே வந்துவிட்டது. கண் இருட்டியது. படுத்தால்தான் உள்ளே தள்ள முடியும். துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு படுக்க முடியாது.

தொட்டியில் சாத்தினேன்.

ஒரு நிமிடம்தானே என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். காலி உரச் சாக்கின் மேல் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் மெல்லத் தள்ளினேன். உள்ளே போயிற்று. போன சுகத்தில் கண்ணை மூடினேன். தூங்கிவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது துப்பாக்கி இல்லை. அவன் எடுத்துப் போயிருக்கிறான், நல்லது என்று நினைத்தேன். பிறகு கோலைப் பார்த்தேன். நான் தொட்டியின் இடது பக்கம் வைத்திருந்தேன். அது வலது பக்கம் கிடந்தது. வில்லை டப்பாவின் மூடி திறந்திருந்தது. நான் மூடாமல் வைப்பதில்லை.

வில்லைகளைக் கொட்டி எண்ணினேன். எப்போதும் கனத்தது பன்னிரண்டு கொண்டுவருவேன். ஒன்று போட்டாயிற்று. பதினொன்று இருக்க வேண்டும். பத்து இருந்தது.

என் மேலேயே எனக்குச் சந்தேகம். முந்நூற்று நாற்பது மூட்டை தூக்கியவன் எண்ணுகிற கணக்கு. திரும்ப எண்ணினேன். பத்து. சாக்கைத் தூக்கி உதறிப் பார்த்தேன். விழவில்லை. ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாக வைத்து விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். பத்துதான்.

அப்போது புரிந்தது. அவன் வந்திருக்கிறான். துப்பாக்கி சாத்தியிருக்கிறது. சாத்தியிருந்தால் காலி. நான் வாயைப் பிளந்து தூங்குகிறேன். எழுப்ப மனம் வரவில்லை. நாலு மாதம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறான். தானே கெட்டித்துவிட்டான். கோலை விட்டுப் பார்க்க மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. அவசரம்.

குழலுக்குள் இரண்டு தடவை மருந்து. இரண்டு தடவை ரவை. எனக்கு வயதாகும் முன்பே வயதாகிப்போன குழல் அது.

எழுந்து பார்த்தேன். நாற்றுப் பாத்திகளுக்கு அப்பால், எழுபது தப்படி இருக்கும், அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி தோளில். கன்னம் கட்டையில் ஒட்டியிருந்தது.

கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன். காற்றுதான் வந்தது. வயிறு இறுகினால்தான் குரல் வரும்; வயிறு எனக்கு இறுகவில்லை. கோலை எடுத்து இரும்புத் தொட்டியில் ஓங்கி அடித்தேன். டங் என்றது. மறுபடியும் அடித்தேன். மூன்றாவது அடியில் கோல் இரண்டாக முறிந்தது. முறிந்த துண்டால் அடித்தேன்.

பாத்திக்குள்ளிருந்து முயல்கள் சிதறி ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று. அவன் தலையைத் திருப்பினான். அங்கிருந்தே கத்தினான்.

"என்ன மச்சான் பண்றீங்க! மூணு! வரிசையா உக்காந்திருந்துச்சு! நானூத்தம்பது போச்சு! பைத்தியம் புடிச்சிடுச்சா?"

நான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"ரெண்டு இல்ல, மூணு! என் கண்ணால பாத்தேன்!"

தலையை ஆட்டினேன். துப்பாக்கியைக் காட்டினேன். என் நெஞ்சில் தட்டி ஒரு விரல். அவனைக் காட்டி ஒரு விரல். சேர்த்து இரண்டு.

அவன் முகம் மாறியது என் மங்கின கண்ணுக்கே தெரிந்தது. துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்து, பாம்பைப் பிடித்த மாதிரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான். குதிரை பின்னால் இழுத்தபடி நின்றது. கேப்பு மாட்டியிருந்தது. அதை இறக்க வேண்டும். கட்டை விரலால் குதிரையைப் பிடித்துக்கொண்டு, விசையை மெல்ல அழுத்தி, குதிரையைக் கையோடு கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடிக்கும்.

அவன் பக்கத்தில் போனேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள்.

"மெதுவா" என்றேன். "மாப்ள, ஒனக்கு எங்கயும் போக வேண்டியதில்ல. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மெதுவா."

"வேர்க்குது மச்சான் கையி."

"சட்டையில தொடை. ஒரு கையி. குதிரையை விடாத. ஆங். இப்ப இன்னொண்ணு."

அவன் வாழ்க்கையில் ஒரு வேலையை அவ்வளவு நேரம் எடுத்துச் செய்தது அன்றுதான். குதிரை நூல் நூலாக இறங்கியது. கேப்பின் மேல் பூப்போல உட்கார்ந்தது. பிறகு அதைப் பாதி தூக்கி, கேப்பைக் கழற்றித் தூரப் போட்டான். இருவரும் தொட்டிக்கு வந்து குழலுக்குள் தண்ணீர் ஊற்றி நிற்க வைத்தோம். கேப்பு மாட்டும் காம்பு வழியாகக் கருப்பாகக் கசிந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நான் கீழே உட்கார்ந்தேன். வீக்கம் வெளியே வந்திருந்தது. தள்ளினேன். போகவில்லை. கல் மாதிரி இருந்தது. வாந்தி வந்தது.

"மாட்டிக்கிச்சு போல" என்றேன்.

அவன் குனிந்தான். என்னை உரச் சாக்கு மாதிரி தோளில் போட்டான். நான் ஆயிரக்கணக்கில் மூட்டை தூக்கியிருக்கிறேன், மூட்டைக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பண்ணைக் காவலாளியின் துண்டை வாங்கி என்னைத் தன் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். அந்த மோட்டார் சைக்கிளை அதுவரை நான் வாழ்த்தியதில்லை. அன்று வழி முழுக்க அதன் டயர்களை வாழ்த்திக்கொண்டே போனேன்.

முழித்தபோது கட்டிலில் கிடந்தேன். பக்கத்தில் மனைவி, பண்ணை மண் காயாத விரல்களோடு. கால்மாட்டில் அவன் நின்றுகொண்டிருந்தான். உட்காரவில்லை.

"எவ்வளவு ஆச்சு?" இதுதான் நான் முதலில் கேட்டது.

"வயித்தை வெட்டித் தைச்சிருக்காங்க, கேக்கறதைப் பாரு" என்றாள் மனைவி.

"எட்டாயிரத்து எழுநூறு" என்றான். "கட்டியாச்சு."

"ஏது?"

"வண்டி."

"எவ்வளவுக்குப் போச்சு?"

"எட்டாயிரத்து எழுநூறு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பில்லு எவ்வளவோ அதையே வெலையாக் கேட்டிருக்கான். வண்டி ஸ்டாண்டுக்காரன் பேரம்கூடப் பேசலையாம். சாவியை வாங்கிப் பையில போட்டுக்கிட்டானாம். ஒரு மணி நேரம் நின்னு பேசியிருந்தா பத்தாயிரம் வந்திருக்கும்."

"டாக்டர் ஒரு மணி நேரம் தரலக்கா" என்றான் அவன்.

அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள். அவளுக்கு முன்னால் சொல்ல முடியாததை அப்போது சொன்னேன்.

"கெட்டிச்சத சாத்தி வச்சது நான்தான். ஒன் மேல தப்பில்ல."

"தெரியும்."

"செத்திருப்ப."

"கோலை விட்டுப் பாக்காதது நான்தானே" என்றான். "உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நாலு மாசத்துல ஒரு நாள் நெனச்சேன் மச்சான். இனிமே நெனக்க மாட்டேன்."

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். மயக்கம் முழுதாகத் தெளியவில்லை, ஆனாலும் கணக்கு வந்தது. அவன் பாக்கி எட்டாயிரத்து நூற்று முப்பது. கட்டினது எட்டாயிரத்து எழுநூறு.

"நான் ஒனக்கு ஐநூத்தெழுவது தரணும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

"எப்பத் தருவீங்க?"

"அடுத்த வாரம்."

அவன் சிரித்தான். வராந்தாவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கும்படி சிரித்தான். எனக்கும் வந்தது. தையலைக் கையால் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடா, பிரிஞ்சிடும்" என்றேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். வெகு நேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

நாற்பது நாள் படுத்திருந்தேன். மழைக்கு இரண்டு நாள் முன்பு மேஸ்திரி முன்னால் போய் நின்றேன். இன்னும் இரண்டு மாதம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்ததை நானே படித்துக் காட்டினேன். திட்டிக்கொண்டே என்னை எடை போடும் மேடையில் உட்கார வைத்தார். கூலி பாதி. உட்கார்ந்திருக்கிறேன், அது போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பண்ணைக்குப் போனோம். நடந்துதான். அவன் இப்போது பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும் பார்சல் கொடுக்கிறான், சைக்கிளில். புதுக் கோல் செய்து இரண்டு கோடு கீறினேன். நான் ஸ்டூலில் உட்கார்ந்து கெட்டித்தேன். துப்பாக்கியை அவன் கையில் கொடுக்கும்போது, "ஒண்ணு" என்பேன். "ஒண்ணு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, என்னிடமிருந்து கோலை வாங்கி அவனும் விட்டுப் பார்ப்பான். பிறகுதான் நகர்வான். இதனால் இரண்டு முயல் தப்பித்தன. பரவாயில்லை.

மூன்றாவது வாரம் நாலாவது வால் விழுந்தது. ஆபீசில் எழுத்தர் நாலு வாலையும் ஒரு தாளில் வரிசையாக வைத்து எண்ணி அறுநூறு கொடுத்தார். அப்படியே அவன் கையில் வைத்தேன். அவன் எண்ணினான். எண்ணி முடிக்கும் வரை நின்ற இடத்திலேயே நின்றான், அதுவே எனக்கு ஆச்சரியம்.

"முப்பது ஜாஸ்தி" என்று நீட்டினான்.

"பெட்ரோலுக்கு வச்சிக்க."

"வண்டியே இல்ல, பெட்ரோல் எதுக்கு?"

"அப்ப டீ குடிப்போம். தீந்துச்சு. இனி நீயும் தர வேண்டாம், நானும் தர வேண்டாம்."

வீட்டுக்குக் கிளம்பும் முன் துப்பாக்கியைத் துடைத்தேன். கோலை விட்டேன். முதல் கோட்டில் நின்றது. அவனும் வாங்கி ஒரு தடவை விட்டுப் பார்த்தான்.

"காலி" என்றான்.

சுவரில் சாத்தினேன்.